இறங்காத சாக்ஸ்

போன வருஷம் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மகள் கொக்கு வாங்கின கோலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தும்மலக்காவுக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணிப் பெண் பந்தை உருட்டிக்கொண்டு காற்றாய்ப் பறந்து வருகிறாள். கோல் கம்பங்களுக்கு நடுவே காவல் நிற்கிற கொக்கு என்ன செய்தாள் தெரியுமா? குனிந்தாள்! இடது கால் சாக்ஸ் கணுக்காலில் வந்து சுருண்டு கிடந்தது, அதை இழுத்துவிடக் குனிந்தாள். நிமிர்வதற்குள் பந்து வலைக்குள். கோப்பை போச்சு.

கொக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தக் கால்களைப் பார்த்து அணிப் பெண்கள் வைத்தது, ஒட்டிக்கொண்டது. நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை, கெண்டைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எலும்பு. கடையில் விற்கிற எந்தச் சாக்ஸும் அந்தக் காலில் நிற்காது. உள்ளே ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தார்கள், காலை அறுத்தது. டேப் சுற்றிப் பார்த்தார்கள், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது.

தோல்! அங்கேதான் தும்மலக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அது அவளுடைய தோல். அப்பாவின் உயரத்தை வாங்கின பிள்ளை, அம்மாவிடமிருந்து வேறு எதையாவது வாங்கியிருக்கக் கூடாதா?

தும்மலக்கா பஸ் ஓட்டுகிறவள். எவ்வளவு பெரிய வண்டியானாலும் குறுகலான சந்தில் ஒரு கீறல் விழாமல் திருப்பிவிடுவாள். ஓய்வு நேரத்தில் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் விரல்கள் விளையாடும். கைக்குப் பின்னல் வரும், உடம்புக்குத்தான் கம்பளி ஆகாது. ஆட்டு முடியில் திரித்த நூலைத் தொட்டால் போதும், மணிக்கட்டு வரைக்கும் சிவந்து தடித்துவிடும். மூக்கோ, கேட்கவே வேண்டாம். டிப்போவில் அவளுடைய ஸ்வெட்டர்க்காரத் தோழிகள் பக்கத்தில் வந்தாலே தும்மத் தொடங்கிவிடுவாள். அந்தப் பெயர் வந்த கதை அதுதான்.

இதில் கூத்து என்னவென்றால், அவளுடைய சொந்த அண்ணன் மனைவி வைத்திருப்பது நூல் கடை. கம்பளி அண்ணி என்றுதான் ஊரே கூப்பிடும். தரையிலிருந்து கூரை வரைக்கும் கம்பளி, கழுத்தில் கம்பளி, தோளில் கம்பளி. தும்மலக்கா அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வாசலிலேயே நிற்பாள். அண்ணி ஒரு கனத்த சாக்குப் பையைக் காலால் தள்ளி, கதவு மூடிவிடாமல் அண்டை கொடுத்து வைப்பாள். காற்று வெளியே போகும், பேச்சு உள்ளே போகும். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இத்தனை வருஷமாக உறவு நடப்பது அந்த வாசலில்தான். கால் வலித்தால் தும்மலக்கா அந்தச் சாக்குப் பை மேலேயே உட்கார்ந்துகொள்வாள்.

இந்த வருஷமும் கொக்குவின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. வீடே குதித்தது. கொக்குவின் அப்பா, மனுஷன் பல் கட்டுகிற கூடத்தில் வேலை செய்கிற பரம சாது, அவர்கூட நாற்காலியில் ஏறி நின்று கத்தினார். கொக்கு மட்டும் ஓரமாக உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சந்தோஷமா இல்லையா?"

"மறுபடியும் குனிஞ்சிட்டா என்னம்மா பண்றது?"

விஷயத்தைக் கேள்விப்பட்ட கம்பளி அண்ணி சும்மா இருப்பாளா? ஒரே வாரத்தில் முழங்கால் வரைக்கும் வருகிற ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் கொடுத்தனுப்பினாள். சும்மா சொல்லக்கூடாது, அழகு. கொக்கு போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாள், ஓடினாள், குதித்தாள். சாக்ஸ் அசையவில்லை. கைதட்டி முடிப்பதற்குள் கொக்கு காலைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்தாள். உருவிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே முழுக்கத் தடிப்பு.

"உன் தோல்தாம்மா எனக்கு," என்று சிரித்தாள் கொக்கு. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். தும்மலக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் வாசலில் நின்று அண்ணியிடம் சொன்னாள்: "அண்ணி, நானே பின்னப்போறேன். ஆட்டு முடி இல்லாத நூல்ல."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தோசைக்கல்லு இல்லாம..." என்று என்னவோ ஆரம்பித்தாள். "இங்க பாரு தும்மல், நான் காலமெல்லாம் நூலோட குப்பை கொட்டுறவ. கம்பளிதான் இழுத்தா வரும், விட்டா திரும்பிப் போகும். மத்ததெல்லாம் போனது போனதுதான். ஆடு இல்லாம சாக்ஸ் நிக்காது."

"நிக்க வெச்சுக் காட்டுறேன்."

"காட்டு, காட்டு. நானும் பாக்குறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எந்த நூல் என்று தும்மலக்காவுக்கே தெரியாது. ஆனால் சோதிப்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. புதிதாக ஒரு நூல் கிடைத்தால் அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு பின்னுவாள். அதைக் கைக்கடிகாரத்துக்கு அடியில் செருகிக்கொண்டு நாள் முழுக்கப் பஸ் ஓட்டுவாள். வியர்வை, அழுத்தம், உரசல் எல்லாம் பட்டும் சாயங்காலம் மணிக்கட்டு சுத்தமாக இருந்தால் அந்த நூல் தேறியது. டிப்போவில் கேலியான கேலி. "என்னக்கா, கடிகாரத்துக்குக் குளிருதா?" என்று டிக்கெட் பரிசோதகர் தினமும் கேட்பார். தினமும் அதே ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொள்வார்.

முதலில் பருத்தி. மணிக்கட்டு பளிங்கு மாதிரி இருந்தது. தும்மலக்கா துள்ளிக் குதித்து ஒரு முழுச் சாக்ஸையே பின்னி முடித்தாள். துவைத்துக் காயப்போட்டாள். அடேங்கப்பா! கொடியிலிருந்து எடுக்கும்போது அது நீண்டு தொங்கி, அவள் கணவர் இரண்டு காலையும் ஒன்றாக அதற்குள் விட்டு, "எனக்கு ஒண்ணே போதும் போலிருக்கே," என்றார். கட்டின மனைவியின் முறைப்பைப் பார்த்ததும் காலை உருவிக்கொண்டார்.

அடுத்தது மூங்கில் நாரில் செய்த நூல். பட்டு தோற்றது போங்கள், அவ்வளவு வழவழப்பு. அந்த வழவழப்புதான் வினை. கொக்கு போட்டுக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் சாக்ஸ் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. அதற்கப்புறம் 'மிருதுப் பருத்தி' என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்ட ஒரு நூல். அதைக் கடிகாரத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போனவளுக்குப் பாதி வழியிலேயே கை தீயாய் எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை விடவும் முடியாது, சொறியவும் முடியாது. சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, பிய்த்து எறிந்தாள். வீட்டுக்கு வந்து உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடைசி வரியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது, கொஞ்சம் கம்பளி கலந்தது என்று. அந்தக் கம்பெனிக்காரனை அவள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு பயிற்சிக்குப் போய்வந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் தும்மலக்காவை அறுத்தது.

தோற்றுப்போனேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு சாயங்காலம் அண்ணி கடை வாசலுக்குப் போனாள். அண்ணி உள்ளே யாருக்கோ நூல் காட்டிக்கொண்டிருந்தாள். தும்மலக்கா வழக்கம்போலச் சாக்குப் பை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வழக்கம்போல அது அவளை லேசாக எகிறித் தள்ளியது.

எத்தனை வருஷமாக அந்தப் பை மேல் உட்கார்ந்திருக்கிறாள்! எத்தனை தடவை அது அப்படி எகிறியிருக்கிறது! அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எகிறியது. தெருவில் போனவர்கள் இவளுக்கு என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். மஞ்சள் நூலுருண்டை. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், கண்ணைக் குத்துகிற மஞ்சள். நுனியைப் பிடித்து இழுத்தாள். முழம் நீண்டது. விட்டாள். சுருக்கென்று திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணீ! இது என்ன நூல் அண்ணி?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். "அது ரப்பர் நூல். பருத்திக்குள்ள எலாஸ்டிக் இழையை வெச்சுத் திரிச்சது. நான் கேக்காமலே மில்லுக்காரன் அனுப்பிட்டான். அந்தக் கலர்ல எந்த மகராசி வாங்குவா? அதான் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சேன்."

"கம்பளி இருக்கா?"

"ஒரு இழை கிடையாது. அதனாலதான் வெளிய கிடக்கு."

"கொக்கு டீமோட சட்டை என்ன கலர் அண்ணி?"

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். அவள் முகம் மாறியதைத் தும்மலக்கா பார்த்துவிட்டாள். மஞ்சள்! அண்ணி வாயைத் திறப்பதற்குள் தும்மலக்கா நாலு உருண்டையை மடியில் அள்ளிக்கொண்டு தெருவில் ஓட்டமெடுத்தாள். முட்டு இளைத்துப்போன கதவு அண்ணியின் முகத்துக்கு நேரே படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் கடிகாரத்துக்கு அடியில் மஞ்சள் துண்டு. மணிக்கட்டில் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. வெந்நீரில் போட்டுத் துவைத்தாள், பிழிந்தாள், முறுக்கினாள். காய்ந்த பிறகும் போட்ட அளவிலேயே இருந்தது. தும்மலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். மாமூலாக வருகிற ஒரு கிழவர், "லாட்டரி விழுந்துடுச்சாம்மா?" என்றே கேட்டுவிட்டார்.

ஊசியை எடுத்துப் பிடித்தாளோ இல்லையோ, பறந்தாள். எல்லா நூலையும் பின்னுகிற மாதிரி விரலில் சுற்றி, விண்ணென்று இழுத்துப் பிடித்துப் பின்னினாள். ஊசியிலிருந்து கழற்றினதுதான் தாமதம், சாக்ஸ் சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டை விரலுக்கு மட்டும் உறையாகி நின்றது. அவள் கணவர் அதைத் தன் பல் தேய்க்கிற பிரஷ் மேல் மாட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் பேசவில்லை, அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

விடை கிடைத்தது கடைசி நிறுத்தத்தில். பயணிகள் இறங்கினதும் காலி பஸ்ஸில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது உருண்டை மடியிலிருந்து நழுவிவிட்டது. இருக்கைகளுக்கு அடியில் உருண்டு கடைசி வரிசை வரைக்கும் போனது. ஊர்ந்துபோய் எடுத்து வந்து, அவிழ்ந்த நூலையெல்லாம் மடியில் குவியலாகப் போட்டுக்கொண்டு, அந்தக் குவியலிலிருந்தே நாலு வரிசை பின்னினாள். பார்த்தால், அந்த நாலு வரிசை மட்டும் அப்படியே ஒழுங்காக வந்திருக்கிறது! நூல் தளர்ந்து கிடந்ததால் பின்னலும் சுருங்கவில்லை. இழுத்துப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். இழுப்பதை நூலே பார்த்துக்கொள்ளும். "அட என் ராசாவே!" என்று காலி பஸ்ஸில் கத்தினாள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த டிக்கெட் பரிசோதகர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எழுந்து வந்தார். அவர் முகத்தில் வழிந்த அசட்டுச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, மடி நிறைய நூலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டு, பூப் போல ஒரு சாக்ஸ் பின்னி முடித்தாள். வரி வரியாக மேடும் பள்ளமுமாக, காலைக் கவ்விப் பிடிக்கிற பின்னல். கொக்கு வலது காலில் போட்டுக்கொண்டாள். கட்டிலிலிருந்து குதித்தாள். சோபாவிலிருந்து குதித்தாள். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் விழுந்து புரண்டாள். கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்தார்.

"அம்மா! இறங்கலம்மா! கொஞ்சங்கூட இறங்கல!"

அந்தச் சந்தோஷம்தான் காலை வாரியது. இரண்டாவது சாக்ஸ் பின்ன உட்கார்ந்தபோது தும்மலக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனம் மைதானத்துக்குப் போய்விட்டது, மகள் பாய்கிறாள், பந்தைப் பிடிக்கிறாள், கோப்பையைத் தூக்குகிறாள். மனம் துள்ளத் துள்ள விரல் இறுகியது. மடியில் நூல் தளர்வாகத்தான் கிடந்தது, விரல் அதைக் கேட்டால்தானே? ஆட்டத்துக்கு முந்தின நாள் முடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது, முதலாவதை விட நன்றாகவே இறுகிப்போயிருந்தது. பிரித்துப் பின்ன நேரம் இல்லை.

தும்மலக்கா சாக்ஸை மடியில் போட்டுக்கொண்டு அழுதே விட்டாள். "பாவி நான். ஒரு ஜோடி, ஒரே ஒரு ஜோடி ஒழுங்காப் போட வக்கில்ல எனக்கு. உனக்குக் குடுத்ததெல்லாம் இந்தத் தோல்தாண்டி. வேற என்ன குடுத்தேன்?"

கொக்கு அம்மாவின் கையிலிருந்து அந்த இறுகின சாக்ஸைப் பிடுங்கினாள். முக்கி முனகி இடது காலில் ஏற்றினாள். எழுந்து நின்று காலை உதறிப் பார்த்தாள்.

"போன வருஷம் இறங்கினது எந்தக் கால் சாக்ஸும்மா?"

"இடது கால்."

"அப்ப இது இடது காலுக்குத்தான். இறுக்கமாவே இருக்கட்டும். இனிமே எப்படி இறங்கும், பாக்கலாம்."

மறுநாள் மைதானம். சனம் என்றால் சனம். தும்மலக்காவின் ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் கம்பளி அண்ணி. நாத்தனாரின் மூக்குக்குப் பயந்து அண்ணி இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முழுக்க எல்லாருடைய தலையும் பந்து போகிற பக்கமெல்லாம் திரும்பியது. தும்மலக்காவின் தலை மட்டும் திரும்பவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் கோல் கம்பங்களுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கால்களை. பந்து யாரிடம் இருந்தால் அவளுக்கென்ன? கொக்கு பாய்ந்தாள், சாக்ஸ் நின்றது. கொக்கு விழுந்தாள், எழுந்தாள், சேற்றில் சறுக்கினாள், சாக்ஸ் நின்றது. "நிக்குது அண்ணி, நிக்குது!" என்று அவள் கத்த, முன்வரிசைக்காரர், "எதும்மா நிக்குது? அவங்க ஓடிட்டில்ல இருக்காங்க!" என்று எரிந்து விழுந்தார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. மாற்றி மாற்றிப் பெனால்டி அடித்தார்கள். கடைசியில் எதிரணிக்கு ஒரே ஒரு அடி மிச்சம். அது உள்ளே போனால் ஆட்டம் இன்னும் நீளும், தடுத்துவிட்டால் கோப்பை கொக்குவின் அணிக்கு. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தவள் யார் தெரியுமா? போன வருஷம் அடித்தாளே, அதே பெண்.

அந்தப் பெண் ஓடி வர ஆரம்பித்தாள். அப்போது கொக்குவின் இடது கை மெல்லக் கீழே இறங்கியது. முழங்காலைத் தாண்டி, சாக்ஸை நோக்கி. பழக்கம்! வருஷக்கணக்கான பாழாய்ப்போன பழக்கம்! தும்மலக்கா இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். "குனியாதடீ!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

கொக்குவின் விரல் நுனி சாக்ஸின் விளிம்பைத் தொட்டது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கை நின்றது. கை மேலே வந்தது.

பிறகு என்னென்னவோ நடந்தது. மஞ்சள் கால் ஒன்று காற்றில் நீண்டதைத் தும்மலக்கா பார்த்தாள், இடது கால். சாக்ஸ் இறங்கவில்லை என்பதையும் பார்த்தாள். சுற்றிலும் வானம் இடிந்த மாதிரி ஒரு சத்தம்.

"பந்து எங்க? பந்து எங்க போச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!"

"ஜெயிச்சாச்சுடி!" கம்பளி அண்ணி இரண்டு இருக்கையையும் தாண்டிக் குதித்து வந்து அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கால்லயே தடுத்துட்டா! உன் சாக்ஸ் போட்ட கால்லயே தடுத்துட்டா!" மூக்கு முழுக்கக் கம்பளி. தும்மலக்கா தும்மினாள், அழுதாள், மறுபடி தும்மினாள், சிரித்தாள். அண்ணியை விடவே இல்லை.

"அந்தச் சாக்குப் பையை நாளைக்கே உள்ள தூக்கி அலமாரியில அடுக்குறேன்," என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முன்னாடி, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி."

"அப்ப கதவுக்கு?"

"கதவுக்குக் கம்பளி மூட்டையை வெக்கிறேன், போ!"

அதற்குள் கொக்கு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். முகமெல்லாம் சேறு, கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா கையை நீட்டினார், அத்தை கையை நீட்டினாள். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, இடது சாக்ஸின் விளிம்பில் விரலை விட்டு மெல்ல மெல்ல உருட்டிக் கீழே இறக்கினாள். இறுக்கமாக இருந்ததால் நிறைய நேரம் பிடித்தது.

உள்ளே தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. அந்த ஒல்லிக் காலில் மேலிருந்து கீழாக, தும்மலக்கா பின்னின வரிகள் ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தன.

"பாரும்மா," என்றாள் கொக்கு. "உன் தோல்தான்."

தும்மலக்கா குனிந்து அந்த வரிகளைத் தொட்டுப் பார்த்தாள்.